நாலு வருஷ ஆர்டிஎல்-எஸ்டிஆர்: டாங்கிள் மேல குறையே இல்ல, "கெயின்"னு ஒரு வரி மேலதான் கோபம்

கூட வேலை பாக்குற தம்பி போன வாரம் கேட்டான், "அண்ணே, அந்த டாங்கிள் வாங்கலாமா, சாட்டிலைட் படம் எடுக்க எதைப் போடுறது?"ன்னு. அவன்கிட்ட சொன்னதைத்தான் எழுதுறேன்.

ஆர்டிஎல்-எஸ்டிஆர்ங்கிறது டிவி பாக்க வந்த யூஎஸ்பி டாங்கிள், 2012-ல இருந்து கம்ப்யூட்டர்ல மாட்டுற ரேடியோவா ஓடிட்டிருக்கு. என்னோடது நாலு வருஷமா மொட்டை மாடி ஷெட்ல, தொட்டா கை சுடுற சூட்டுல கெடக்கு, ஒரு தடவை கூட மக்கர் பண்ணல. 1090 மெகாஹெர்ட்ஸ்ல விமானங்க அனுப்புற சிக்னலைப் பிடிச்சு, எது எங்க பறக்குதுன்னு பாக்குறது இன்னைக்கும் அலுக்கல.

சாட்டிலைட்தான் படுத்துச்சு. 2025-ல அமெரிக்காவோட வானிலை சாட்டிலைட் நோவா 15, 18, 19 மூணையும் நிறுத்திட்டாங்க, அதை நம்பி எழுதுன பழைய வழிகாட்டி அத்தனையும் வீண். சரி, ரஷ்யாக்காரங்களோட வானிலை சாட்டிலைட் மீட்டியார் எம்2-3, எம்2-4 இருக்கேன்னு, சும்மா ஆர்வத்துல நாலஞ்சு பேர் எழுதுற, சாட்டிலைட் சிக்னலைப் படமா மாத்துற ஒரு புது சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்டை எடுத்துப் போட்டேன், பேர் வேண்டாம். கான்ஃபிக் ஃபைல்ல "கெயின்"னு ஒரு வரி, அதாவது சிக்னலை எவ்வளவு பெருக்கணும்ங்கிற நம்பர், என்ன கணக்குன்னு எங்கயும் எழுதல. 40 போட்டேன். ஆன்டெனாவா 53 சென்டிமீட்டர் கம்பி ரெண்டை 120 டிகிரில விரிச்சு வச்சுட்டு மூணு நாள் ஒவ்வொரு பாஸுக்கும், அதாவது சாட்டிலைட் மேல கடந்து போற ஒவ்வொரு தடவையும், மாடி ஏறி இறங்குறேன், ஒண்ணும் வரல. கம்பியை மாத்துனேன், கேபிளை மாத்துனேன், கனெக்டரைப் புதுசா சால்டர் பண்ணேன்.

கடைசில சோர்ஸ் கோடைத் தொறந்து பாத்தா, நாம போடுற நம்பரை அப்படியே, டாங்கிளை ஓட்டுற லைப்ரரியான லிப்ஆர்டிஎல்எஸ்டிஆர் கிட்ட குடுக்குது. அதோட ஹெடர் ஃபைல்ல தெளிவா போட்டிருக்கு, டெசிபெல்லை பத்தா பிரிச்ச கணக்கு, 115-ன்னா 11.5 டெசிபெல்னு. அப்ப நான் குடுத்தது வெறும் 4 டெசிபெல்! 400-ன்னு மாத்துனேன், அடுத்த பாஸ்லயே இலங்கை முழுசா, வங்காள விரிகுடா மேல மேகம் சுருள் சுருளா, வரி வரியா இறங்குது. கண்ணு கலங்கிருச்சு.

ப்ராஜெக்ட் எழுதுறவங்களைக் கேட்டா "குரூப் சாட்ல தேடுங்க, முன்னாடியே சொல்லியாச்சு"ங்குறாங்க. நியாயமா பேசணும்னா, வேலை முடிஞ்சு வந்து ராத்திரி முழிச்சு காசு வாங்காம எழுதுறாங்க, சிக்னலைப் படமா மாத்துற டிகோடர் அபாரம், சிக்னல் மங்குனாலும் விடாமப் பிடிச்சு நிக்குது. ஆனா இவ்வளவு எழுதத் தெரிஞ்சவங்களுக்கு, புதுசா வர்றவன் முதல்ல தொடுற வரிக்குப் பக்கத்துல நாலு வார்த்தை எழுத முடியலையா? நானே ரெண்டு வரி எழுதி அனுப்புனேன், அன்னைக்கு ராத்திரியே நன்றி சொல்லி சேத்துக்கிட்டாங்க. அடுத்த வெர்ஷன்ல அந்த ஆப்ஷன் பேரையே மாத்திட்டாங்க, என் ரெண்டு வரி பழைய பேரோட அப்படியே நிக்குது.

தம்பிகிட்ட டாங்கிளைக் கண்ணை மூடிட்டு வாங்கு, இந்த சாஃப்ட்வேர் மட்டும் இப்போதைக்கு வேணாம்னுட்டேன். நான் விடல, நாளைக்குப் பகல்ல நல்ல உயரத்துல ஒரு பாஸ் இருக்கு.