தொட்டி மட்டம் பார்க்க: அல்ட்ராசோனிக்கா, 4–20 மில்லிஆம்பியரா?

மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கீழே இருந்தபடியே தெரிய வேண்டும், மட்டம் இறங்கினால் மோட்டார் தானாக ஓட வேண்டும். எங்கள் எட்டு வீட்டுக் குடியிருப்புக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான். முதலில் அல்ட்ராசோனிக் சென்சார் போட்டு ஒரு வருடம் ஓட்டினேன். அப்புறம் அதைக் கழற்றிவிட்டு, தண்ணீருக்குள் இறக்கும் அழுத்த சென்சாருக்கு மாறினேன். மட்டத்தை 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாகச் சொல்வது அது; தலைப்பில் 4–20 என்றது அதைத்தான். பதினான்கு மாதம் ஆகிறது. பழையதற்குத் திரும்புகிற எண்ணம் இல்லை. ஆக, நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

'நிரம்பியது', 'காலி' என்ற இரண்டு சேதி போதுமென்றால் மிதவை சுவிட்ச் வாங்கி மாட்டிவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். எத்தனை சதவீதம் என்று தெரிய வேண்டியவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

விலையில் போட்டியே இல்லை. ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்கிற நீர்புகா அல்ட்ராசோனிக் சில நூறு ரூபாய். அழுத்த சென்சார் சில ஆயிரம். அதோடு 24 வோல்ட் அடாப்டர் ஒன்றும் வேண்டும். மாட்டுவதும் அல்ட்ராசோனிக் சுலபம்: மூடியில் ஓட்டை போட்டுச் செருகினால் முடிந்தது. தண்ணீரைத் தொடவே தொடாது என்பது கூடுதல் நிம்மதி.

ஆனால் அது அளப்பது தண்ணீரை இல்லை, எதிரொலி திரும்பி வரும் நேரத்தை. சென்சாருக்கு அடியில் சுமார் 20 செ.மீ. அதற்குக் கண் தெரியாது; தண்ணீர் அந்த எல்லைக்குள் ஏறிவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். வெயிலும் ஒரு தொல்லை. ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், 45 டிகிரியில் சுமார் 358. மதியம் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிக்குள் இருக்கும் சூட்டுக்கு, புரோகிராமில் 343 என்றே எழுதி வைத்திருந்தால் 120 செ.மீ. தூரத்தில் 5 செ.மீ. பிசகும். பக்கத்தில் ஒரு வெப்பமானி வைத்தால் இதைச் சரிக்கட்டலாம். மோட்டார் ஓடும்போது மேலிருந்து கொட்டும் தண்ணீர் பரப்பைக் கலக்கி எதிரொலியைச் சிதறடிப்பதற்குத்தான் நல்ல மருந்து கிடைக்கவில்லை. மட்டம் சரியாகத் தெரிய வேண்டிய நேரமே அதுதானே!

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தேன். மாற வைத்தது ஒரு மார்கழிக் காலை. ஆறு மணிக்கு எல்லா வீட்டுக் குழாயிலும் வெறும் காற்று. என் போனில் 100 சதவீதம். மேலே போய் மூடியைத் திறந்தால் சென்சாரின் முகம் முழுக்க வியர்த்திருந்தது, எதிரொலி திரும்பவே இல்லை. கொடுத்த கெடுவுக்குள் பதில் வராவிட்டால் எதிரொலி நேரத்தை அளக்கும் ஆர்டுயினோ கட்டளையான பல்ஸ்இன் பூஜ்ஜியம் தரும். என் புரோகிராம் அதை 'தூரம் பூஜ்ஜியம்' என்று எடுத்துக்கொண்டது. அப்படியென்றால் தண்ணீர் விளிம்பு வரை, மோட்டார் வேண்டாம். 'எனக்குத் தெரியவில்லை' என்று சென்சார் சொன்னதை 'நிரம்பிவிட்டது' என்று மொழிபெயர்த்தது நான்தான்.

திருத்தினேன். பூஜ்ஜியம் வந்தால் தள்ளு. ஏழு அளவு எடுத்து நடுவில் இருப்பதை மட்டும் வை. எங்கள் மோட்டாரால் நிமிடத்துக்கு ஏற்ற முடிந்ததைவிட மட்டம் வேகமாகத் தாவினால் நம்பாதே. பெரும்பாலும் சரியாகிவிட்டது என்பதை மறைக்கக் கூடாது. ஆனாலும் எந்த அளவு பொய் என்று முடிவு செய்வது என் ஊகம். சென்சார் தரப்பிலிருந்து ஒரு வார்த்தையும் இல்லை.

4–20 மில்லிஆம்பியரில் எனக்குப் பிடித்தது இந்த இடம். என்னுடையது 0–2 மீட்டர் சென்சார். தொட்டி காலியென்றால் 4, இரண்டு மீட்டர் என்றால் 20, ஒவ்வொரு மில்லிஆம்பியரும் 12.5 செ.மீ. கணக்குப் போட்டால் 11.84 என்பது 98 செ.மீ. காலி என்பதற்கே 4 ஓடுவதால், பூஜ்ஜியம் வந்தால் அது தண்ணீர் பற்றிய சேதியே இல்லை; வயர் அறுந்திருக்கிறது, இல்லை கரண்ட் போயிருக்கிறது. நாமூர் என்ஈ 43 என்ற தொழிற்சாலை வழக்கம் இதை இன்னும் கறாராக வைத்திருக்கிறது: 3.8 முதல் 20.5 வரை அளவு, 3.6க்குக் கீழேயோ 21க்கு மேலேயோ போனால் கோளாறு. மலிவு சென்சார்கள் உள்கோளாறை இப்படிச் சொல்லும் என்று நம்ப வேண்டாம். அறுந்த வயரை மட்டும் எந்த சென்சாராலும் மறைக்க முடியாது.

குறைகளும் உண்டு. வாங்கும்போது தொட்டி ஆழத்துக்கு ஏற்ற அளவில் வாங்குங்கள், 0.5 சதவீதப் பிழை என்பது முழு அளவுக்கு, ஆகவே 5 மீட்டர் சென்சாரில் 2.5 செ.மீ., 2 மீட்டரில் 1 செ.மீ. வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழிப்பதற்காகக் கேபிளுக்குள் ஓடும் மெல்லிய காற்றுக்குழாயின் முனையை ஈரம் படாமல் வையுங்கள். அது அடைபட்டால் வானிலை மாறும்போதெல்லாம் தண்ணீரும் ஏறி இறங்குவதாகக் காட்டும். மின்னோட்டத்தை வோல்ட்டாக்க 150 ஓம் ரெசிஸ்டர் போட்டால் 0.6 முதல் 3 வோல்ட் வரும், ஆனால் இஎஸ்பி32 என்ற வைஃபை சிப்பின் சொந்த ஏடிசி (வோல்ட்டை எண்ணாக மாற்றும் பகுதி) மேல்பக்கம் கோணலாகப் படிப்பதால் ஏடிஎஸ்1115 என்ற தனி ஏடிசி சேர்த்தேன். போர்வெல் உப்பு படிந்து அளவு மெல்ல நகர்ந்தால் அதை 4–20 கண்டுபிடிக்காது. எனக்கு இதுவரை நகரவில்லை. பதினான்கு மாதத்தை வைத்து சத்தியம் செய்ய மாட்டேன். மாதம் ஒருமுறை குச்சி விட்டுப் பார்க்கிறேன்.

எதை வாங்கினாலும் பழைய எண் புதியது போல நிற்கும் ஆபத்து பொது. மாடியில் வைஃபை போனாலும், அளவைக் கீழே கொண்டுவரும் எம்கியூடிடி என்ற சேதி முறையில் தங்கிய கடைசி மதிப்பு சிரித்துக்கொண்டே இருக்கும். அதைப் போனில் காட்டும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளில் 'எக்ஸ்பயர் ஆஃப்டர்' என்று ஒரு வரி சேர்த்து 300 நொடி கொடுத்தேன். அதற்குள் புது அளவு வராவிட்டால் எண் மறைந்துவிடும்.

போன மாதம் 0.02 மில்லிஆம்பியர் வந்தது. போனில் 'தெரியவில்லை' என்று காட்டி, மோட்டாரைத் தானாக ஓட்டுவதை நிறுத்திக்கொண்டது. வாட்ச்மேன் அண்ணனிடம் சொன்னேன். மேலே போய் தொட்டியை முட்டியால் இரண்டு தட்டு தட்டி, "பாதிக்கு மேல இருக்கு சார்" என்று குரல் கொடுத்தார். கேபிளை அணில் கடித்திருந்தது.