ஸ்பூல் டேப் ரிக்கார்டர் ஆன்லைன்ல வாங்கப் போறீங்களா? இதைப் படிச்சிட்டுப் பணம் அனுப்புங்க

42,000 ரூபாய். அந்த விலைக்கு எனக்கு மெஷின் வித்த ஆள் போனை எடுப்பாருன்னு நேத்து ராத்திரி வரைக்கும் காத்திருந்தேன். இனி சும்மா இருக்கப் போறதில்ல.

1980 மகாமகத்தப்போ கும்பகோணத்துல சாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்துல வாசிச்ச மல்லாரியை எங்க அப்பா ஸ்பூல் டேப்புல, அதாவது கேசட் இல்லாம சக்கரத்துல சுத்தின டேப்புல, பதிவு பண்ணி வச்சிருந்தார். அவரோட மெஷின் போய் ரொம்ப காலமாச்சு. டேப் மட்டும் பீரோவுல பத்திரமா இருந்துச்சு. அதைக் கேட்கத்தான் பழைய ஆடியோ சாமான் விக்கிற ஒரு ஆன்லைன் சந்தையில தேடினேன். "ஃபுல் சர்வீஸ் பண்ணது"ன்னு ஒரு விளம்பரம். ரீல் சுத்துற வீடியோவும் வந்துச்சு. விலை கேட்டு நான் தயங்கினப்போ அவர் சொன்னது இன்னும் காதுலயே இருக்கு: "அக்கா, நானும் தஞ்சாவூர்ப் பக்கம்தான். மல்லாரின்னு சொன்னீங்கல்ல, அதுக்காகவே இன்னொரு தடவை திறந்து பாத்துட்டு அனுப்புறேன்." அந்தப் பேச்சை நம்பித்தான் 42,000 ரூபாயையும் ஒரே தடவையில அனுப்பினேன்.

மெஷின் வந்துச்சு, கூடவே ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். டேப்பைப் போட்டேன். கம்பீர நாட்டை ராகத்துல நிமிர்ந்து வரவேண்டிய நாகஸ்வரம் மூணு ஸ்வரஸ்தானம் கீழ இறங்கிக் கிடக்கு. தவில் இழுத்து இழுத்து அழுவுது. கொஞ்ச நேரத்துல டேப்பை இழுத்து ஓட்டுற கேப்ஸ்டன் தண்டுல டேப் சுத்திக்கிட்டுக் கசங்கிப் போச்சு. டேப்பை அந்தத் தண்டோட அழுத்திப் பிடிக்கிற ரப்பர் உருளை, பிஞ்ச் ரோலர், அதைத் தொட்டா விரல்ல கறுப்பா பிசுபிசுன்னு ஒட்டுது. இதைத்தான் ஃபுல் சர்வீஸ்னு வித்திருக்கார்.

மயிலாடுதுறையில ஒரு ரேடியோ மெக்கானிக் ஐயாதான் பின்பக்கத் தகட்டைக் காட்டினார். 120 வோல்ட், 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்); அமெரிக்காவுக்குன்னு செஞ்சது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், சைக்கிளை மாத்தாது. இதுல இருக்கிற ஏ.சி. மோட்டார் நம்ம 50 சைக்கிள் கரண்டுல ஆறுல ஒரு பங்கு வேகம் குறைஞ்சுதான் ஓடும், புல்லி மாத்தணும்னார். சர்வீஸ் பண்ற ஆளுக்கு இது தெரியாதா? விளம்பரத்துல பின்பக்கப் போட்டோ மட்டும் ஏன் இல்லைன்னு இப்பப் புரியுது.

கூப்பிட்டுக் கேட்டா முதல்ல, "டேப் பழசுக்கா, இழுத்திருக்கும்." அப்புறம், "உங்க ஊரு கரண்டுதான் சரியில்ல." அதுக்கப்புறம், "கல்யாண வீட்ல இருக்கேன், கூப்பிடுறேன்." இப்ப நீல டிக் மட்டும்தான். சந்தைக்காரங்ககிட்ட போனா, வித்தவரோட நீங்களே பேசித் தீர்த்துக்கோங்க, நாங்க இடம்தான் குடுக்கிறோம்னு பதில். என்னோட 42,000 ரூபாய்ல கமிஷன் மட்டும் எடுத்துக்கத் தெரியுது! 1915-ங்கிற நுகர்வோர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் புகார் பதிஞ்சிட்டேன். பணமே திரும்ப வந்தாலும் மல்லாரியோட தொடக்கம் கசங்கினது கசங்கினதுதான்.

விவரமா எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், ஆத்திரத்துல கை ஓடல. பின்பக்கத் தகடு போட்டோ கேளுங்க, 60 சைக்கிள் மட்டும் போட்டிருந்தா வேண்டாம். வீடியோ கால்ல பிஞ்ச் ரோலரை அழுத்திக் காட்டச் சொல்லுங்க. முழுப் பணத்தையும் முன்னாடி குடுக்காதீங்க. முதல்ல ஒரு உதவாத டேப்பை ஓட்டிப் பாருங்க. ரெக்கார்ட் பட்டன் பக்கமே கை போகக் கூடாது. மேல பதிவாகாம இருக்க கேசட்டுல உடைச்சு விடுற காது மாதிரி ஸ்பூல்ல எந்தப் பாதுகாப்பும் கிடையாது, தவறி அழுத்தினா உள்ள இருக்கிறது அழிஞ்சிடும்.