சாணி கேஸை வடிகட்டி எரிக்கிறது: ஆறு வருச அனுபவம்

எங்க தோட்டத்துல பத்து உருப்படி மாடு, 4 கன மீட்டர் தீனபந்து மாடல் (தரைக்கடியில கும்மட்டமாக் கட்டுறது) சாணி கேஸ் தொட்டி, தெனம் 100 கிலோ சாணி, அதே அளவு தண்ணி. கேஸ் வர்றதுல கொறையே இல்லீங்க, தொந்தரவெல்லாம் அந்த அழுகுன முட்டை வாடைதான். ஹைட்ரஜன் சல்ஃபைடு. மொத்த கேஸ்ல அது 1 சதவீதம்கூட இருக்காது, ஆனா ரெண்டே வருசத்துல பித்தளை பர்னர் பொரிஞ்சு போச்சு, தீவனம் நறுக்கற சாஃப் கட்டர் ஓட்டற டீசல் இஞ்சின்ல பாதி டீசல் பாதி கேஸ்னு விட்டுப் பாத்தேன், ஆயில் சீக்கிரமே கருத்து செம்பு புஷ் வேற அரிச்சு, மெக்கானிக்கிட்ட வாங்குன திட்டு தனிக்கதை.

அப்பறம்தான் துரு ஃபில்டர் போட்டேன். 4 இன்ச் பிவிசி பைப், மூணடி நீளம், ரெண்டு பக்கமும் மூடி, கேஸ் கீழ போயி மேல வரும். உள்ள லேத் பட்டறை இரும்புச் சுருள். எண்ணெய் போக சோப்பு போட்டு அலசி, உப்புத்தண்ணி தெளிச்சு ஒரு வாரம் வெளிய போட்டா நல்லா செம்பழுப்பா துரு ஏறிக்கும், அந்தத் துருதான் கந்தகத்தைப் புடிக்குது. பாத்திரம் தேய்க்கிற எவர்சில்வர் நாரைப் போட்டுட்டு வேலை செய்யலைங்காதீங்க, அது துருவே புடிக்காது.

நான் பண்ணுன தப்பு என்னன்னா, கேஸ்ல ஈரம் இருக்குதேன்னு ஈரத்தை உறிஞ்சற சிலிக்கா ஜெல்லை மொதல்ல வெச்சுட்டேன். துருவுக்குக் கொஞ்சம் ஈரம் இருந்தாத்தான் வேலையே நடக்கும். இப்ப லைன் தாழ்வா இருக்கற எடத்துல தண்ணி வடிய ஒரு டேப், அடுத்து துரு, கடைசியா ஜெல்.

சுருள் கருப்பாயிட்டா வெளிய பரப்பிக் காத்து பட வெச்சா மறுபடி பழுப்பாகும், ரெண்டு மூணு தடவை தாங்குது. ஆனா அப்ப நல்லா சூடாகும். ஒருக்கா சோம்பேறித்தனமா அப்படியே சாக்குல அள்ளிக் கட்டுத்தறி ஓரமா வெச்சேன், அரை மணி நேரத்துல சாக்குல பொகை! வைக்கப்போர் பக்கத்துல வெக்காதது எங்க நல்ல நேரம். இப்பெல்லாம் தண்ணி தெளிச்சு, வெறுந்தரையில, மெல்லிசா.

கார்பன் டை ஆக்சைடையும் எடுத்தரலாம்னு ஆசைப்பட்டு சுண்ணாம்புத் தண்ணில விட்டேன். கேஸ்ல 40 சதவீதம் அதுதான், கணக்குப் போட்டா 1 கன மீட்டர் கேஸுக்கே ஒரு கிலோவுக்கு மேல சுண்ணாம்பு திங்குது, தண்ணிக்குள்ள முக்குனதுல பிரஷரும் விழுந்து அடுப்பு சிணுங்க ஆரம்பிச்சுது. சமையலுக்கு அது இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். வண்டிக்கு ஊத்தணும்னா மட்டும் கேஸ்ல எரியற பகுதியான மீத்தேன் 90 சதவீதம் வேணும், அது பெரிய பிளான்ட் வேலை. இதையே வீட்டு எல்பிஜி சிலிண்டர்ல அடைக்கலாமான்னு கேக்கறவங்களுக்கு: கூடவே கூடாது, எல்பிஜி மாதிரி இது திரவமாகாது, 200 பாருக்கு (சாதாரண காத்தழுத்தத்தைப் போல சுமார் 200 மடங்கு) மேல அமுக்கணும், அந்த சிலிண்டர் அதுக்குத் தாங்காது.

ஃபில்டர் தீந்துச்சான்னு மூக்க வெச்சுப் பாக்காதீங்க, இந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானா மோப்பமே மரத்துப்போகும். நான் வெளிய வர்ற பைப்புக்குள்ள அம்மாவோட பழைய வெள்ளி மெட்டி ஒண்ணைத் தொங்க விட்டிருக்கறேன், ரெண்டு நாள்ல கருத்துச்சுன்னா சுருளை மாத்திருவேன். மெட்டி எங்கடான்னு அம்மா இன்னும் தேடிட்டுத்தான் இருக்குது.