600 ரூவா ஜூம் கிளாஸ், டெக்சாஸ் துணை கவர்னர் கதைக்கே காசு சரியாப்போச்சு

அமெரிக்காவுல மாநில ஆட்சி எப்படி நடக்குதுன்னு தமிழ்ல நாலு ஞாயித்துக்கெழம ஜூம் கிளாஸ், பீஸு 600 ரூவா. டல்லாஸ்ல இருக்கற அக்கா பையன் "மாமா, நீங்கதான் பொழுதன்னிக்கும் அரசியல் பேசறீங்களே, சேருங்க"ன்னு அவனே பணத்தையும் கட்டி உட்டுட்டான். பல்லடம் பக்கம் தறிச்சத்தத்துல காது பாதி போன ஆளுங்க நான், அதனால தறிய நிறுத்திப்போட்டு ஹெட்செட் மாட்டிட்டுத்தான் ஒக்காந்தேன்.

மொத ரெண்டு கிளாஸ் சுத்த வேஸ்ட்டு. சார் ஸ்லைட அப்படியே படிக்கறாரு, நோட்ஸ்னு அனுப்புன பிடிஎஃப தொறந்தா பாதி எழுத்து கட்டம் கட்டமா வருது. சந்தேகம் டைப் பண்ணுனா திரும்பிக்கூட பாக்கல.

மூணாவது கிளாஸ்ல மனுசன் மாறிட்டாருங்க. துணை கவர்னர்னா நமக்கு பாண்டிச்சேரிதான ஞாபகம் வரும், அது டெல்லில இருந்து போடற ஆளு. டெக்சாஸ்ல கவர்னருக்கு ஒரு ஓட்டு, துணை கவர்னருக்குத் தனியா ஒரு ஓட்டு, அதனால ரெண்டு பேரும் வேற வேற கட்சியாவும் இருக்கலாமாம். நம்மூரு பஞ்சாயத்துல தலைவரு ஜனங்க ஓட்டுல வர்றாரு, துணைத்தலைவரு வார்டு மெம்பர் ஓட்டுல வர்றாரு, ஆனா செக்குல ரெண்டு கையெழுத்தும் வேணும். பக்கத்தூர்ல ஒருக்கா ரெண்டு பேருக்கும் ஆகாம தெருவெளக்கு பல்புக்குக்கூட செக் போகாம கெடந்துச்சு, அதெல்லாம் பாத்தவனுக்கு இது சட்டுன்னு புடிபட்டுருச்சு.

டெக்சாஸ்ல துணை கவர்னர்தான் செனட்டுன்னு சொல்ற மாநில மேல்சபைய நடத்தறாரு, எந்த கமிட்டில யாரு, எந்த மசோதா எங்க போகோணும்னு அவரு வெச்சதுதான். சம்பளமோ வருசத்துக்கு 7,200 டாலர், அதாவது மாசம் 600. என்ற பீஸும் 600தான், ரூவா!

பில் ஹாபின்னு ஒருத்தரு 1973ல இருந்து 1991 வரைக்கும், 18 வருசம் அந்த நாற்காலில. அதுக்குள்ள கவர்னரா மூணு பேரு வந்தாங்க, அதுல கிளமென்ட்ஸ் எதிர்க்கட்சி, தோத்துப்போயி மறுக்காவும் ஜெயிச்சு வந்தவரு. 1979ல ஹாபி கட்சி செனட்டர்களே 12 பேரு அவரு மேல கோவிச்சுட்டு கோரம், அதான் சபை நடத்த வேண்டிய கொறஞ்சபட்ச ஆளுக, இல்லாம பண்ண ஒளிஞ்சுட்டாங்க. போலீஸ் ஜீன் ஜோன்ஸ்னு ஒரு செனட்டரப் புடிக்கப் போயி, காலைல பேப்பர் எடுக்க வெளிய வந்த அவரோட கூடப்பொறந்தவரப் புடிச்சுட்டு வந்துட்டாங்களாம். தறிக்காரப் பையன் என்னமோ ஏதோன்னு எட்டிப் பாக்கற அளவுக்கு சிரிச்சுட்டேன்.

அடுத்து வந்த பாப் புல்லாக் டெமாக்ரடிக் கட்சி, 1995ல கவர்னரா வந்த புஷ்ஷு ரிபப்ளிகன். ரெண்டு பேரும் அப்படி ஒத்துப்போயி, 1998 தேர்தல்ல புல்லாக் புஷ்ஷுக்கே ஆதரவு குடுத்துட்டாரு. எதுத்து நின்ன சொந்தக் கட்சிக்காரரோட புள்ளைக்கு இவரு ஞானத்தகப்பன் வேற, ஒறம்பரையாட்டம் பழகுன வீடுங்க அது!

கலிபோர்னியாவும் தனித்தனி ஓட்டுதான், அங்க கத வேற. கவர்னரு ஜெர்ரி பிரௌன் மாநிலத்த உட்டு வெளிய போன நேரம், துணை கவர்னர் மைக் கர்ப் ஒரு ஜட்ஜ நியமிச்சுட்டாரு, பிரௌன் வந்து ரத்து பண்ணுனாரு. அவரு இல்லாதப்ப இவருக்கு அதிகாரம் உண்டு, ஆனா திரும்பி வந்தவரு அத வாபஸ் வாங்கலாம்னு 1979ல கோர்ட்டு சொல்லிருச்சு. இந்த எடத்துல லைன் கட்டாகி 20 நிமிசம் போச்சு, திரும்பி வந்தா சார் ஜார்ஜியாவுல 16 வருசம் துணை கவர்னரா இருந்த ஜெல் மில்லர் பேர மட்டும் சொல்லி முடிச்சுட்டாரு.

நாலாவது கிளாஸ் பட்ஜெட்டு, தூங்கிட்டேன், பொய் சொல்லல.

அஞ்சுக்கு மூணு ஸ்டார், மூணும் அந்த ஒரு கிளாஸுக்குத்தான். ரெக்கார்டிங் தர்றேன்னாங்க, இன்னும் வரல, சேர்றவங்க பணம் கட்டறதுக்கு முன்னாடியே அதக் கேட்டு வாங்கிக்குங்க.