புகுஷிமா புகை எந்தப் பக்கம் போனது: இரண்டு கணினி மாதிரிகள்

அணு உலையிலிருந்து கதிரியக்கம் கசிந்தால் எந்த ஊரை முதலில் காலி செய்வது? இதற்குப் பதில் சொல்ல இரண்டு வகைக் கணினி மாதிரிகள் போட்டியில் இருக்கின்றன.

காஸியன் மாதிரி பழையது. காற்று ஒரே திசையில், ஒரே வேகத்தில் வீசுவதாக வைத்துக்கொண்டு, புகை மணி வடிவ வளைவாக விரிவதாகக் கணக்கிடும். வெயிலையும் காற்றின் வேகத்தையும் வைத்து வளிமண்டலத்தை ஆறு வகையாகப் பாஸ்குவில் என்ற பிரிட்டிஷ் வானிலை அறிஞர் 1961இல் பிரித்துத் தந்தார். அதுதான் இதற்கு அடிப்படை. நொடியில் விடை கிடைக்கும். சமவெளியில், சில கிலோமீட்டருக்குள், காற்று மாறாதவரை நம்பலாம்.

துகள் மாதிரி வேறு ரகம். ஃப்ளெக்ஸ்பார்ட், ஹைஸ்ப்ளிட் இரண்டும் இந்த வகை. ஆயிரக்கணக்கான கற்பனைத் துகள்களைக் காற்றில் விடும். வானிலைக் கணிப்பு சொல்லும் காற்று ஒவ்வொன்றையும் இழுத்துப் போகும். காற்றின் கொந்தளிப்புக்காகத் தற்செயலான ஓர் அசைவும் சேரும். காற்று திரும்பினால் துகளும் திரும்பும். மழை பெய்தால் எங்கே கீழே இறங்கும் என்றும் சொல்லும். (வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் மாதிரிகளும் உண்டு. ஆனால் உலைக்கு அருகே புகையை முதல் கட்டம் முழுக்கப் பரப்பிவிடுவதால் இந்தக் கேள்விக்கு அவை தோதில்லை.)

2011 மார்ச் 15, ஜப்பானில் விபத்துக்குள்ளான புகுஷிமா அணு உலை. காலையில் தெற்குப் பக்கம் போன புகை, காற்று திரும்பியதால் பிற்பகலில் வடமேற்கே போனது. இரவில் மழையும் பனியும் சேர்ந்து சீசியம் என்ற கதிரியக்கப் பொருளைத் தரையில் இறக்கின. மக்களைக் காலி செய்யச் சொன்ன 20 கிலோமீட்டர் வட்டத்துக்கு வெளியே இருந்த இய்தாதே கிராமத்தில் அது படிந்தது. காலையில் பார்த்த காற்றை வைத்து நேர்கோடு போட்டிருந்தால் இய்தாதே படத்திலேயே வந்திருக்காது.

ஜப்பானிடம் ஸ்பீடி என்ற துகள் மாதிரி இருந்தது. எவ்வளவு கதிரியக்கம் வெளியேறியது என்ற தகவல் உலையிலிருந்து வரவில்லை. அதனால் மணிக்கு 1 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று வைத்து, விபத்து தொடங்கிய 11ஆம் தேதியிலிருந்தே ஓட்டினார்கள். அளவு தெரியாவிட்டாலும் திசை தெரியும். அந்தப் படங்கள் மக்களுக்குப் போய்ச் சேரவில்லை; முதல் வெளியீடே 23ஆம் தேதிதான். உலைக்கு அருகிலிருந்த நமியே ஊர்க்காரர்கள் வடமேற்கில் இருந்த சுஷிமாவுக்குப் போய் 15ஆம் தேதிவரை அங்கேயே தங்கினார்கள். பிள்ளைகுட்டிகளோடு புகை வரும் பாதையிலேயே போய் இருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

2014இல் ஜப்பானின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், மக்களை வெளியேற்றும் முடிவுக்கு ஸ்பீடி வேண்டாம், நேரடி அளவீடு போதும் என்று தீர்மானித்தது. கசிவு எப்போது நடக்கும் என்று முன்கூட்டித் தெரியாது என்பது நியாயமான காரணம்தான். ஆனால் அளவீட்டுக் கருவி, கதிரியக்கம் வந்த பிறகுதான் காட்டும். என் ஓட்டு துகள் மாதிரிக்கே.

கல்பாக்கம் போன்ற கடற்கரையில் இது இன்னும் முக்கியம். கோடையில் காலையில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் காற்று, மதியவாக்கில் கடற்காற்றாகத் திரும்பிவிடும். பத்து மணிக் காற்றை வைத்துப் போட்ட நேர்கோடு புகையைக் கடலுக்குள் காட்டும். இரண்டு மணிக்குப் புகை ஊருக்குள் இருக்கும்.