சோலார் டிரையருக்கு பாலிகார்பனேட் ஷீட் வாங்குகிறவர்கள் பில்லில் உள்ள எண்ணைப் பாருங்கள்

பொள்ளாச்சி, உடுமலை, காங்கேயம் பக்கம் கொப்பரை காய வைக்கிறவர்கள், வீட்டளவில் முருங்கை இலையோ வாழைப்பழமோ உலர்த்துகிறவர்கள் யாராவது சொந்தமாக சோலார் டிரையர் செய்யும் யோசனையில் இருந்தால், மேல் மூடிக்கான ஷீட்டுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். பாலிகார்பனேட் என்பது கண்ணாடி மாதிரி வெயில் புகுகிற, சூடு தாங்குகிற பிளாஸ்டிக். எங்களுக்கு அப்படிச் சொல்லி விற்றது பாலிகார்பனேட்டே இல்லை. தண்ணீர் பாட்டில் செய்கிற பி.இ.டி. பிளாஸ்டிக். புதிதாக இருக்கும்போது வெறும் கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

எங்களுக்கு உடுமலை பக்கம் தென்னந்தோப்பு. மழை மாசங்களில் களத்தில் போட்ட கொப்பரை காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடும். சில பூசணங்கள் அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். பூசணத்துக்குப் பயந்து கந்தகப் புகை போடுகிறவர்கள் உண்டு. சாப்பிடுகிற பொருளுக்கு அந்த வேலை வேண்டாம் என்றுதான் தம்பியும் நானும் சூடான காற்றில் காய வைக்கும் பெட்டி செய்ய இறங்கினோம். தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி ஈரம். அதை 6 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால்தான் கொப்பரை கெடாமல் நிற்கும்.

பெட்டி பெரிய விஷயமில்லை. அடியில் சூடு வெளியே போகாமல் தடுக்கிற ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு), அதன் மேல் பளபளப்பில்லாத கறுப்பு அடித்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு, ஒரு அங்குலம் இடைவெளி விட்டு மேலே வெயில் புகுகிற மூடி. ஒரு ஃபேன் காற்றைத் தள்ளும். தகட்டை உரசிப் போகிற காற்று சூடேறி, கொப்பரைத் தட்டுகளுக்குப் போகும். ராக்வூலுக்குப் பதில் தெர்மாகோல் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், 80 டிகிரி தாண்டினாலே அது சுருங்கத் தொடங்கும்.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் விழுகிறது. ஃபேன் ஓடும்வரை அந்தச் சூட்டைக் காற்று எடுத்துக்கொண்டு போய்விடும். கரண்ட் போய் ஃபேன் நின்றால் சூடு போக வழியில்லை, தகடு 100 டிகிரியைத் தாண்டிவிடும். ஆக, மூடிக்கு எதைப் போட்டாலும் அந்த நேரத்துச் சூட்டைத் தாங்க வேண்டும். கோயம்புத்தூரில் ஷீட் வாங்கிய கடையில் இதை விளக்கமாகச் சொல்லித்தான் கேட்டோம். 3 எம்.எம். கெட்டி பாலிகார்பனேட், வெயில் படுகிற பக்கம் யு.வி. பூச்சு, அதாவது புற ஊதாக் கதிரைத் தடுக்கிற பூச்சு, இருக்க வேண்டும் என்றும் சொன்னோம்.

“அதேதானுங்க இது. பத்து வருசம் வாரண்டி. கார் ஷெட்டுக்கெல்லாம் இதைத்தான் போடறாங்க, ஒன்னும் ஆகாதுங்க” என்றார் கடைக்காரர்.

முதல் கோடையிலேயே ஆகிவிட்டது. மத்தியானம் கரண்ட் போய், மறுபடி வருவதற்குள் ஷீட் நடுவில் குழிந்து தொங்கி, கறுப்புத் தகட்டின் மேல் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்து எடுத்தபோது கறுப்பு பெயின்ட்டும் சேர்ந்து உரிந்து வந்தது. தட்டுகளில் இருந்த கொப்பரைக்குக் காற்றே போகவில்லை.

ஃபோன் பண்ணினோம். “ஃபேன் நின்னா நாங்க என்னங்க பண்றது? ஸ்க்ரூவை இறுக்கி வெச்சிருப்பீங்க” என்றார். இரண்டும் சரியான பதில் இல்லை. பாலிகார்பனேட் இளகத் தொடங்குவதே 145 டிகிரி பக்கம்தான். 115, 120 டிகிரி வரை தாங்கும். ஸ்க்ரூவை இறுக்கினால் ஷீட் விரிய இடமில்லாமல் அலையலையாகப் புடைக்கும், ஓட்டையைச் சுற்றி விரிசல் விடும், அது உண்மை. ஆனால் குழைந்து தகட்டில் ஒட்டாது. போதாக்குறைக்கு, இரண்டு மீட்டர் ஷீட் 50 டிகிரி ஏறினால் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் நீளும் என்று கணக்குப் போட்டு, ஓட்டைகளைப் பெரிதாகவே போட்டு ரப்பர் வாஷர் வைத்திருந்தோம்.

உண்மையைக் காட்டிக் கொடுத்தது பில். அதில் “கிளியர் ஷீட் 3 எம்.எம்.” என்று மட்டும் எழுதி, பக்கத்தில் ஹெச்.எஸ்.என். எண் (என்ன பொருள் என்று காட்டுகிற ஜி.எஸ்.டி. குறியீடு) 392062 என்று போட்டிருந்தார்கள். எங்கள் ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கிற அக்கா அதைப் பார்த்ததும், “இது பாலிகார்பனேட் நம்பர் இல்லையே” என்றார். கெட்டி பாலிகார்பனேட் ஷீட்டுக்கு 392061. அக்ரிலிக் 392051. கடைசியில் 62 என்றால் பி.இ.டி. வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டு, வரிக் கணக்கில் மட்டும் உண்மையை எழுதியிருக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம் இதுதான். என்ன விற்கிறோம் என்று தெரிந்தேதான் விற்றிருக்கிறார்கள்.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று வீட்டில் சோதித்தும் பார்த்தோம். மிஞ்சியிருந்த ஷீட்டில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு. வெல்டிங் பட்டறையில் கேட்டு வாங்கிய நிஜ பாலிகார்பனேட்டில் அதே அளவு இன்னொன்று. இரண்டையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, கொஞ்ச நேரம் கழித்து இடுக்கியால் தூக்கினோம். பட்டறைத் துண்டு போட்டபடியே விறைப்பாக வந்தது, பாத்திர விளிம்பில் தட்டினால் டக் டக் என்றது. எங்கள் ஷீட்டின் துண்டு ஈரத் துணி மாதிரி இடுக்கியின் இரண்டு பக்கமும் தொங்கியது. பி.இ.டி. 75 டிகிரி பக்கத்திலேயே இளகிவிடும். பி.வி.சி.யும் அப்படித்தான், ஆகவே இந்தச் சோதனையில் அதுவும் மாட்டிக்கொள்ளும். கடையில் ஒரு துண்டு கேளுங்கள். தர மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம்.

வெந்நீரில் தெரியாத ஒன்று யு.வி. பூச்சு. பாலிகார்பனேட்டாகவே இருந்தாலும் அந்தப் பூச்சு இல்லாவிட்டால் சில வருஷத்தில் மஞ்சளடித்து நொறுங்கும். பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. மேலே ஒட்டி வருகிற பாதுகாப்புத் தாளில் எந்தப் பக்கம் வெளியே இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். எங்களுக்கு வந்த ஷீட்டின் தாளில் ஒரு எழுத்துகூட இல்லை. கேட்டதற்கு, “ரெண்டு பக்கமும் பூச்சு இருக்குங்க” என்றார்கள். தயாரித்த கம்பெனியின் பெயர், யு.வி. பக்கம், தடிமன் எல்லாம் தாளில் அச்சாகி இருக்க வேண்டும். அதே விவரம் பில்லிலும் வர வேண்டும். சின்னக் கடைகள் ஹெச்.எஸ்.என். எண்ணில் முதல் நாலு இலக்கம், அதாவது 3920, மட்டும் போடலாம். அதிலிருந்து எந்த பிளாஸ்டிக் என்று தெரியாது. அப்படியானால் “பாலிகார்பனேட், யு.வி. பூச்சுடன்” என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் பெட்டியில் இருப்பது 4 எம்.எம். டஃபண்ட் கண்ணாடி, அதாவது சூடாக்கி உறுதிப்படுத்திய கண்ணாடி. தரையில் சாய்த்து வைக்கிற தட்டைப் பெட்டிக்கு என்னைக் கேட்டால் கண்ணாடிதான். மஞ்சளாகாது, ஃபேன் நின்றாலும் கவலையில்லை. ஓரம் எவ்வளவு பச்சையாகத் தெரிகிறதோ அவ்வளவு இரும்பு அதில் இருக்கிறது, அவ்வளவு வெயிலைத் தின்னும். வெளுத்த ஓரமுள்ளது கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஒரு சதுர மீட்டர் 10 கிலோ வரும் என்பதால் சட்டத்தைப் பலப்படுத்த வேண்டியிருந்தது. டஃபண்ட் ஆன பிறகு வெட்ட முடியாது, அளவைச் சரியாகக் கொடுங்கள். மட்டையும் தேங்காயும் விழாத இடமாகப் பார்த்து வையுங்கள். வளைத்துப் போடுகிற கூடார டிரையருக்குக் கண்ணாடி ஆகாது, அங்கே நல்ல பாலிகார்பனேட் வேண்டியதுதான்.

கடைக்காரருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். மாற்று ஷீட் தருவதாகச் சொல்லி அனுப்பினார். அதில் ஒரு துண்டை வெந்நீரில் போட்டோம், அதுவும் குழைந்தது. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். நாம் குடியிருக்கிற மாவட்டத்து ஆணையத்திலேயே கொடுக்கலாம், கடை இருக்கிற ஊருக்குப் போக வேண்டியதில்லை. வாங்கிய பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் கிடையாது. பிழைப்புக்காகத் தானே செய்கிற சிறு தொழிலும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் வரும், “இது வியாபாரத்துக்கு வாங்கியது” என்று மிரட்டினால் பயப்படாதீர்கள். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். முதலில் விவரம் கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஏற்கெனவே ஷீட் போட்டு ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் பில்லை எடுத்து அந்த ஆறு இலக்கத்தைப் பாருங்கள். 392062 என்று இருந்தால், மாற்றும் வரைக்கும் கரண்ட் போன நேரத்தில் பெட்டி மேல் சாக்கைப் போட்டு மூடி வையுங்கள். வெட்டி மிஞ்சிய துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மனுவோடு கொடுக்க அவை வேண்டியிருக்கும்.