கொழும்பில் மாடித்தோட்டம்: எதைப் பார்த்துப் பழகலாம்?

2022இல் மரக்கறி விலை எகிறி, அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்ன காலம் ஞாபகமிருக்கும். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மொட்டைமாடியில் நானும் அப்போதுதான் தொடங்கினேன். இன்றுவரை விடவில்லை.

தமிழில் தேடினால் முதலில் வருவது தமிழ்நாட்டு மாடித்தோட்ட வீடியோக்கள். கைவேலை பழக அவைதான் நல்லது. தும்புத்தூளை அலசி உப்பெடுப்பது, பாகல் கொடியின் நுனி கிள்ளுவது எல்லாம் கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும். ஆனால் விதைக்கும் காலத்துக்கு அவற்றை நம்பாதீர்கள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' அந்த மண்ணுக்குச் சொன்னது. நமக்கு மே மாதமும் கொட்டும், ஒக்டோபர், நவம்பரிலும் கொட்டும். ஒக்டோபர் கடைசியில் மழை படாத இடத்தில் தக்காளி நாற்றுப் போட்டால், ஜனவரி, பெப்ரவரி வெயிலில் காய் பிடிக்கிறது.

விவசாயத் திணைக்களத்தின் இணையத்தளம் தமிழிலும் உண்டு. எழுதியிருப்பதென்னவோ வயற்காரருக்கு: பசளை ஹெக்டேயருக்கு இத்தனை கிலோ என்று. நாலு பை வைத்திருப்பவர் அதை என்ன செய்வது? ஆனாலும் இனங்களின் பெயருக்காக ஒருமுறை பாருங்கள். திருநெல்வேலி ஊதாக் கத்தரி (தமிழ்நாட்டுத் திருநெல்வேலி அல்ல, யாழ்ப்பாணத்தது), எம்.ஐ. 5 வெண்டி போன்றவை இங்கேயே உருவானவை. வீடியோக்காரர் காட்டும் விதைக்கு இங்கே கடை கடையாக அலைய வேண்டும்.

நான் அதிகம் நம்புவது திணைக்களத்தின் 1920 தொலைபேசிச் சேவையைத்தான். ஒருமுறை தக்காளி, இலை பச்சையாக இருக்கும்போதே மத்தியானத்தில் தொங்கியது. மாலையில் நிமிரும், பிறகு நிமிரவே இல்லை. தண்ணீர் போதாது என்றது ஒரு வீடியோ. தொலைபேசியில் பேசிய போதனாசிரியர், அடித்தண்டை வெட்டி, தெளிந்த தண்ணீர்க் கிளாசில் வெட்டுமுனையைப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் வெட்டிய இடத்திலிருந்து நூல் நூலாகப் பால் போல இறங்கியது. பக்டீரியா வாடல். மருந்தில்லை, செடியைப் பிடுங்குங்கள், அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் வேண்டாம் என்றார். அந்தப் பையில் இப்போது பயற்றை ஏறியிருக்கிறது.

எடுத்தவுடன் லைன் கிடைக்காது, சொல்லிவிட்டேன். நட்ட திகதி, வாடியது மேலிலையா கீழிலையா, இலையின் அடியில் பூச்சி உண்டா என்று பார்த்து எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். அவர்கள் கேட்பதெல்லாம் அதுதான்.